110 கிலோ மணலும் ஒரு கினெக்டும்

நேற்றோடு நான்கு வாரம் முடிந்தது. ஒரு சிறிய அறிவியல் அருங்காட்சியகத்தின் தரைத்தளத்தில் நாங்கள் வைத்த மணல் மேசை இந்த நான்கு வாரமும் ஒரு நாள்கூட நின்றுபோகவில்லை. காலையில் கூடத்தைத் திறக்கும் அக்கா ஒரு சுவிட்சைப் போடுகிறார், மாலையில் அதை அணைக்கிறார். இடையில் யாரும் எனக்குப் போன் செய்யவில்லை. இந்த நிலைக்கு வர ஏழு மாதம் ஆனது. மறந்துபோவதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மேசை என்ன செய்யும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பெட்டியில் மணல். அதற்கு மேலே ஆழம் அளக்கும் கேமரா ஒன்று, புரொஜெக்டர் ஒன்று. மணலைக் குவித்தால் உச்சி வெளுக்கும், சரிவு பச்சையாகும். தோண்டினால் பள்ளத்தில் நீலம் ஏறும். பள்ளிப் புவியியல் பாடத்தில் பார்த்த சம உயரக் கோடுகள் மணல் மேலேயே ஓடும். கையால் மணலைத் தள்ளினால் கோடும் கூடவே நகரும். விரல்களை விரித்து மேலே நீட்டினால் கைக்குக் கீழே மழை பெய்யும். தண்ணீர் சரிவு பார்த்து ஓடிப் பள்ளத்தில் தேங்கும்.

மூல யோசனை என்னுடையது அல்ல. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் கிரெய்லோஸ் 2012 வாக்கில் எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று இலவசமாகத் தந்த மென்பொருள்தான் உள்ளே ஓடுகிறது. உலகத்தில் எத்தனையோ அருங்காட்சியகங்களில் இந்த மேசை இருக்கிறது. மென்பொருளை லினக்ஸில் ஏற்ற எனக்கு ஒரு நாள்தான் பிடித்தது. மீதி ஏழு மாதமும் மரம், இரும்பு, வெளிச்சம், மனிதர்கள்.

பெட்டியின் அளவை கேமராவே முடிவு செய்துவிடுகிறது. நாங்கள் எடுத்தது முதல் தலைமுறை கினெக்ட், 2010-ல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் வீடியோ கேம் கருவிக்காக வந்த ஆழக் கேமரா. அதன் பார்வை அகலவாக்கில் 57 டிகிரி, உயரவாக்கில் 43 டிகிரி. மணலிலிருந்து சரியாக 1 மீட்டர் மேலே வைத்தால் ஏறக்குறைய 108 செ.மீ. x 78 செ.மீ. தெரியும். அதனால் பெட்டியின் உள்ளளவு 100 x 75 என்று வைத்தோம். ஓரத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். கேமரா 2 செ.மீ. தள்ளி நின்றால்கூட ஒரு பக்கம் மணல் தெரியாமல் போய்விடும்.

முதல் மேசைக்கு அடியில் 12 மி.மீ. ப்ளைவுட் போட்டேன், நகர்த்த வசதியாகக் காலுக்குச் சக்கரமும் வைத்தேன். ஆசாரி அப்போதே, "சார், மணல் வெயிட் தெரியாம இருக்கீங்க, நடுவுல ஒரு சட்டம் குடுங்க" என்றார். நான் கேட்கவில்லை. கணக்கு எளிது: 1 மீட்டர் x 0.75 மீட்டர் x 10 செ.மீ. ஆழம் என்றால் முக்கால் கன மீட்டரில் பத்தில் ஒரு பங்கு. உலர் மணல் கன மீட்டருக்குச் சுமார் 1,600 கிலோ. ஆக 120 கிலோ. இதில் குழந்தைகள் விளிம்பில் சாய்வது சேரவில்லை. முதல் வாரம் எல்லாம் நன்றாக இருந்தது. இரண்டாம் வாரம் யாரும் தோண்டாத நேரத்திலும் மேசை நடுவில் ஒரு நீல வட்டம் தெரிய ஆரம்பித்தது. மென்பொருளில்தான் கோளாறு என்று நினைத்து மூன்று நாள் எண்களை மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் மணலை அள்ளிவிட்டு ஒரு நீள ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்த்தால், பலகை நடுவில் 7 மி.மீ. இறங்கியிருந்தது. மென்பொருள் கடல் மட்டத்தை முதல் நாள் அளந்த இடத்திலேயே வைத்திருந்தது. தரைதான் கீழே போயிருந்தது. இப்போது 18 மி.மீ. பலகை, அடியில் குறுக்கே மூன்று இரும்புச் சட்டம். ஆசாரியிடம் போய் அவர் சொன்னதுதான் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த தவறு புரொஜெக்டர். கைவசம் ஒரு பழைய அலுவலக புரொஜெக்டர் இருந்தது. 1 மீட்டர் அகலப் படத்துக்கு 1.5 மீட்டர் தூரம் கேட்கும் ரகம். அதன் கையேட்டில் லென்ஸை நேராகத் தரையைப் பார்த்து மாட்டக் கூடாது, விளக்கு சூடேறிவிடும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. சரி, படுக்கையாக மாட்டி 45 டிகிரியில் ஒரு கண்ணாடி வைத்துக் கீழே திருப்பிவிடலாம் என்று நினைத்தேன். 5 மி.மீ. தடிமனில் சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி. படம் வந்தது, ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் 4 மி.மீ. தள்ளி மங்கலாக இன்னொரு கோடு. சாதாரண கண்ணாடியில் ரசம் பின்பக்கம் பூசியிருப்பார்கள். வெளிச்சத்தில் ஒரு சிறு பங்கு கண்ணாடியின் முன்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது, மீதி உள்ளே போய் ரசத்தில் பட்டுத் திரும்புகிறது. படம் காட்டுகிற இடத்தில் இது பரவாயில்லை. மெல்லிய கோடுகளே உயிரான இடத்தில் கண் வலிக்கும். முன்பக்கம் ரசம் பூசிய கண்ணாடி கிடைக்கும், ஆனால் அதன் விலையையும், விரல் பட்டாலே கெட்டுவிடும் அதன் தன்மையையும் பார்த்துவிட்டு அந்த வழியை விட்டுவிட்டேன்.

கடைசியில் எந்தத் திசையிலும் மாட்டலாம் என்று கையேட்டிலேயே எழுதியிருக்கும் ஒரு லேசர் புரொஜெக்டர் வாங்கினோம், 1280 x 800. படத்தின் உயரம் 75 செ.மீ. வர அகலம் 120 செ.மீ. ஆகிறது. இரண்டு பக்கமும் 10 செ.மீ. வெளியே விழும், அதைக் கறுப்பாகவே விட்டுவிடுகிறோம். படத்தின் அகலத்தில் 0.8 பங்கு தூரம் இதற்குப் போதும் என்பதால் லென்ஸ் மணலிலிருந்து 96 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. கினெக்டும் 1 மீட்டரில் என்பதால் இரண்டையும் ஒரே சட்டத்தில் மாட்ட முடிந்தது. வாங்கும்போது கைநடுங்கியது உண்மைதான். ஆனால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்றால் 2,400 மணி நேரம். பழைய ரக விளக்கு ஏறக்குறைய வருடத்துக்கு ஒன்று தீரும். லேசருக்கு 20,000 மணி நேரம் சொல்கிறார்கள், அது எட்டு வருடக் கணக்கு.

கேமரா பார்க்கும் மணலும் புரொஜெக்டர் வீசும் படமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்த வேண்டும். அந்த அளவுத்திருத்தத்துக்கு ஒரு பழைய சிடி போதும். அதன்மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி, நடுவில் பேனாவால் ஒரு கூட்டல் குறி போட்டு, ஒரு கம்பியில் கட்டிக் கைப்பிடி ஆக்கிக்கொண்டேன். புரொஜெக்டர் மணல்மேல் ஒரு கூட்டல் குறி காட்டும். சிடியின் குறியை அதன்மேல் பொருத்தி, கை ஆடாமல் பிடித்து ஒரு விசையைத் தட்ட வேண்டும். 12 புள்ளிகள். நான் 12-ஐயும் மணலின் மட்டத்திலேயே சிடியைப் பிடித்து முடித்துவிட்டேன். தட்டையான மணலில் படம் அச்சுப்போல் உட்கார்ந்தது. ஒரு மலையைக் குவித்ததும் வெள்ளை உச்சி நிஜ உச்சியிலிருந்து மூன்று விரல் தள்ளிப் போய் நின்றது. ஒரே மட்டத்தில் அளந்தால் உயரம் என்றால் என்ன என்றே அதற்குத் தெரியாது. இப்போது நான்கு புள்ளி மணலைத் தோண்டிய குழிக்குள், நான்கு மணல் மட்டத்தில், நான்கு ஒரு சாண் மேலே என்று எடுக்கிறேன். இருபது நிமிட வேலை. அவசரப்பட்டால் மறுபடி செய்ய வேண்டிவரும்.

அப்புறம் வெளிச்சம். இதுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது.

இந்த கினெக்ட் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளைத் தூவி, அவை எப்படி விழுகின்றன என்று பார்த்துத்தான் ஆழத்தைக் கணிக்கிறது. வேறு அகச்சிவப்பு வந்து விழுந்தால் புள்ளிகள் அதில் கரைந்துவிடும். எங்கள் கூடத்தில் பக்கத்துக் கண்ணாடிப் பேழைக்கு இரண்டு ஹாலஜன் விளக்குகள் இருந்தன. அவற்றின் ஓர ஒளி பட்ட மூலையில் மணல் இருப்பதாகவே கேமராவுக்குத் தெரியவில்லை. எல்இடி ஆக மாற்றிய அன்றே அந்த மூலை உயிர் பெற்றது. அதில் அகச்சிவப்பு மிகக் குறைவு. ஜன்னல் இன்னும் கள்ளத்தனம் செய்தது. நான் வேலை செய்ததெல்லாம் காலையில், அப்போது பிரச்சினையே இல்லை. அக்கா ஒரு நாள், "சார், மூணு மணிக்கு மேல கடல் ஒரு பக்கமா ஒதுங்கிடுது, அஞ்சு மணிக்குச் சரியாயிடுது" என்றார். அதை வைத்து ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். மேற்கு ஜன்னலின் வெயில் நேராக மேசையில் விழவில்லை. எதிர்ச்சுவரின் வெள்ளைப் பெயின்டில் பட்டுத் திரும்பி மணலுக்கு வந்தது. தடிமனான கறுப்புத் துணித் திரை போட்டதும் முடிந்தது. அக்கா நேரத்தைக் குறித்துச் சொல்லியிராவிட்டால் நான் இன்னும் கேபிளை மாற்றிக்கொண்டிருப்பேன்.

இந்தப் பாடத்தைக் கற்பதற்கு முன்பே ஒரு பெரிய தவறு செய்தோம். திறந்தவெளியில் மக்கள் கூடும் ஒரு மாலை நிகழ்ச்சிக்குச் சக்கரம் வைத்த முதல் மேசையைத் தள்ளிக்கொண்டு போனோம். மாலை 5 மணிக்குக் கூட்டம் நிறைய. மேசையில் ஒன்றும் இல்லை, வெறும் மணல். கேமராவின் படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை, புரொஜெக்டர் ஒளியும் பகல் வெளிச்சத்தில் காணாமல் போய்விட்டது. இரண்டு மணி நேரம் வந்தவர்களிடமெல்லாம் இருட்டியதும் வாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சூரியன் இறங்கி அரை மணி கழித்துத் திடீரென்று எல்லாம் வந்தது. காத்திருந்த பத்துப் பதினைந்து பேர் "ஹே" என்று கத்தினார்கள். நகரச் சதுக்கங்களில் இப்படிப்பட்ட வேலை செய்பவர்கள் பொழுது சாயும்வரை காத்திருப்பது ஏன் என்று அன்றுதான் உறைத்தது. ரஃபேல் லொசானோ-ஹெம்மர் என்ற கலைஞர் 2001-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரச் சதுக்கத்தில் வழிப்போக்கர்களின் நிழலைக் கட்டடச் சுவரில் பிரம்மாண்டமாக விழவைத்து விளையாட விட்டதும் இரவில்தான்.

கேமராவைத் தாங்கும் கம்பத்தை முதலில் மேசையோடு சேர்த்து போல்ட் போட்டிருந்தேன். ஒரு பையன் விளிம்பில் ஏறினால் கம்பம் ஆடும், மொத்த மலைத்தொடரும் நடுங்கும். கம்பத்தை மேசையிலிருந்து பிரித்துக் கூரையில் தொங்கவிட்டேன். ஆட்டம் நின்றது. மறுநாள் காலை தரை பெருக்கியவர்கள் மேசையை 2 செ.மீ. நகர்த்திவிட்டார்கள், படம் முழுக்க ஒரு பக்கம் வழிந்து தரையில் விழுந்துகொண்டிருந்தது. அவர்கள் மேல் தப்பே இல்லை, சக்கரம் வைத்த மேசை நகரத்தான் செய்யும். சக்கரத்தைக் கழற்றி நான்கு காலையும் எல் ஆங்கிள் வைத்துத் தரையோடு போல்ட் போட்ட பிறகு இன்றுவரை அளவுத்திருத்தம் தேவைப்படவில்லை.

இனி வந்தவர்கள் பற்றி. இரண்டு சனிக்கிழமை முழுக்க ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். மென்பொருளில் செலவழித்த எந்த நாளையும்விட அந்த இரண்டு நாள் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது.

முதல் மேசையின் விளிம்பு 75 செ.மீ. நான்கு வயதுக் குழந்தைக்குத் தோள் உயரம், கை மட்டும் உள்ளே போகும், என்ன நடக்கிறது என்று கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் காலை அறுத்துத் தாழ்த்திவிடலாம் என்று இருந்தேன். அன்றே சக்கர நாற்காலியில் ஒரு பெண் வந்தார். முழங்கால் பெட்டியில் இடித்தது, நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பி ஒரு கையை மட்டும் நீட்டி விளையாடினார். குழந்தைக்குத் தாழ்த்தினால் இவருக்கு வழியே இல்லை. ஆகவே உயர்த்தினோம். பெட்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து 69 செ.மீ., முழங்கால் தாராளமாக உள்ளே போகிறது. விளிம்பு 86 செ.மீ. இடையில் சட்டம், பலகை எல்லாம் போக மணலுக்கு 9 செ.மீ. ஆழம்தான் கிடைத்தது, எடையும் 110 கிலோவுக்குக் குறைந்தது. குழந்தைகளுக்கு ஒரு நீளப் பக்கம் முழுவதும் 20 செ.மீ. உயரத்தில் படி. தனித்தனி முக்காலி வைத்தால் கவிழும், ஒருவர் நிற்பதை இன்னொருவர் இழுப்பார். படியைத் தரையோடு பொருத்திவிட்டோம்.

மழை விஷயம் வேறு மாதிரி. கையை விரித்து நீட்டினால் மழை பெய்யும் என்று ஆறு வரியில் ஒரு பலகை எழுதிச் சுவரில் மாட்டியிருந்தேன். முதல் சனிக்கிழமை நான் எண்ணிய 46 பேரில் அதைப் படித்தவர்கள் இரண்டு பேர். மழையை வரவழைத்தது மூன்று பேர், அதில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் எதையோ சுட்டிக்காட்டும்போது தற்செயலாக. டேனியல் ரோசின் என்ற கலைஞர் 1999-ல் செய்த மரக் கண்ணாடியில் 830 மரத்துண்டுகள். ஒவ்வொன்றையும் ஒரு சிறு மோட்டார் சாய்க்க, எதிரில் நிற்பவரின் உருவம் மரத்திலேயே தோன்றும். அதன் முன்னால் போய் நிற்பதைத் தவிர யாரும் எதுவும் கற்க வேண்டாம். என் மேசையில் மணலும் அப்படித்தான், யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மழைதான் ஒளிந்திருந்தது.

பலகையைக் கழற்றினேன். விளிம்பின் நான்கு பக்கமும் விரித்த கையின் கோட்டுருவத்தை மரத்தில் செதுக்கி, கீழே மூன்று சொட்டு மட்டும் போட்டோம். இன்னொன்றும் கண்டுபிடித்தேன். மழை தொடங்க மணலுக்கு மேல் கை 35 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும் என்று நான் வைத்திருந்தேன். படியில் நிற்கும் குழந்தையின் கை அவ்வளவு உயரம் நீளாது. 20 செ.மீ. ஆக்கினேன். அடுத்த சனிக்கிழமை முதல் பத்து நிமிடத்திலேயே ஒரு சிறுமி செதுக்கிய கைமேல் தன் கையை வைத்துப் பார்த்தாள், பிறகு அப்படியே தூக்கி மணலுக்கு மேல் நீட்டினாள். நீலம் சொட்டியது. "நான்தான் பண்றேன், நான்தான் பண்றேன்" என்று அவள் சொன்னதைக் கேட்டு எதிர்ப்பக்கம் இருந்த ஒரு தாத்தா தானும் கையை நீட்டினார். அதற்குப் பிறகு அன்று முழுவதும் யாராவது ஒருவர் அடுத்தவருக்குக் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

நான் திட்டமிடாத ஒன்றும் நடந்தது. மென்பொருள் ஒரு நொடி, அதாவது 30 படம், அசையாமல் இருப்பதைத்தான் நிலம் என்று ஏற்கும், ஓடும் கைகளைக் கணக்கில் எடுக்காது. ஒரு பையன் களைத்துப்போய்க் கையை மணல்மேல் அப்படியே வைத்தான். ஒரு நொடி கழித்து அவன் முழங்கையிலிருந்து விரல் முட்டிவரை சம உயரக் கோடுகள் ஏறின. ஒவ்வொரு விரல் முட்டியும் சின்னச் சின்ன வட்டங்களோடு ஒரு குன்று. அவன் மூச்சுவிடாமல் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். இதைக் கோளாறு என்று நினைத்து நீக்கும் வழி தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் பையனைப் பார்த்த பிறகு தொடவில்லை.

மணலில் இரண்டு விஷயம். கட்டுமான மணல் கருத்திருக்கும், அதன்மேல் நிறங்கள் செத்துப்போகும். வெளிர்ந்த மணல்தான் வேண்டும். ஆனால் மாவுபோன்ற வெள்ளை சிலிக்கா தூள் வேண்டவே வேண்டாம், அதன் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், குழந்தைகள் முகம் வைத்துக் குனியும் இடம் இது. கழுவிச் சலித்த, உருண்டையான மணியுள்ள மணல் எடுத்தோம். திங்கட்கிழமைதோறும் அக்கா அரை லிட்டர் தண்ணீரைத் தெளிப்பானில் தெளித்துக் கிளறுகிறார். அந்த ஈரம் இருந்தால் குன்று நிற்கும், தூசியும் பறக்காது. ஈரம் அதிகமானால் இரவில் மூடி வைக்கும்போது பூஞ்சை வாடை வரும்.

காலையில் தானே எழுந்திருக்க வைப்பது கடைசிக் கட்டம். மின்சாரம் வந்ததும் கம்ப்யூட்டர் எழ பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலில், ஒரு அமைப்பு உண்டு. நான் "முன்பு இருந்த நிலைக்குப் போ" என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். மாலை 6:10-க்கு அது தானே முறையாக அணைந்துகொள்ளும்படி வைத்திருந்ததால், முன்பு இருந்த நிலை என்பது அணைந்த நிலை. மறுநாள் எழவில்லை. "எப்போதும் எழு" என்று மாற்றினேன். அப்புறமும் மூன்று நாளுக்கு ஒரு முறை கறுப்புத் திரை. கினெக்ட் முழுதாக விழிப்பதற்குள் மென்பொருள் அதைத் தேடிவிட்டு, இல்லை என்று மூடிக்கொண்டது. 20 நொடி காத்திருந்து தொடங்கு, விழுந்தால் மறுபடி தொடங்கு என்று ஐந்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன், தீர்ந்தது.

செலவில் பாதிக்கு மேல் புரொஜெக்டர். அடுத்து கம்ப்யூட்டர், தண்ணீர் ஓட்டத்தைக் கணக்கிட நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்பதால். பிறகு மரமும் இரும்பும். கினெக்ட் பழையது வாங்கியதால் அற்பம், மணல் அதைவிட அற்பம். கண்ணாடி, முதல் மேசை, சக்கரங்கள் என்று வீணானது இதற்கு மேல் தனி. அடுத்த முறை இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் காலை முதல் மாலை வரை வெறும் கேமராவை ஒரு முக்காலியில் வைத்து ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிடுவேன். மேசையின் உயரத்தை அட்டைப்பெட்டியில் செய்து வைத்து, பெரியவர், சிறியவர், நாற்காலியில் வருபவர் எல்லாரையும் நிற்கவைத்துப் பார்த்த பிறகுதான் மரத்தை அறுக்கச் சொல்வேன்.

ஒரு கவலை மீதி இருக்கிறது. இந்த கினெக்ட் இப்போது தயாரிப்பில் இல்லை. பழைய பொருளாக இன்னும் இரண்டு வாங்கி, சோதித்து, தேதி எழுதி மேசைக்குக் கீழே உள்ள இழுப்பறையில் வைத்திருக்கிறோம். வரும் திங்கள், கூடத்துக்கு விடுமுறை. அக்காவுக்கு சிடியும் கம்பியும் கொடுத்து, கேமராவைக் கழற்றி மாட்டி அந்த 12 புள்ளிகளையும் அவர் கையாலேயே எடுக்க வைக்கப்போகிறேன்.